படத்தில் ஒரு கை, மனசுக்குள் ஒரு கை



இந்த முறை பாடம் கொஞ்சம் வித்தியாசமானது. இதுக்கு லேப் கிடையாது, ரெக்கார்டு நோட்டும் வேண்டாம். கை இரண்டையும் மடியில் வெச்சுக்கிட்டு கீழே இருக்கிற கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்க. கையை அசைக்கக் கூடாது, கையைப் பார்க்கவும் கூடாது.

ஒரு கையின் போட்டோ. புறங்கை உங்களுக்குத் தெரிகிறது. விரல்கள் நான்கும் கீழே தரையைப் பார்த்து நீண்டிருக்கின்றன. கட்டைவிரல் உங்களுக்கு வலது பக்கம் நீட்டிக்கொண்டு இருக்கிறது. இது இடது கையா, வலது கையா?

விடை: வலது கை.

சரியா சொன்னீங்களா, தப்பா சொன்னீங்களா என்பது முக்கியமில்லை. விடை வருவதற்கு முன்னாடி அந்த இரண்டு மூன்று நொடியில் உங்களுக்குள்ளே என்ன நடந்தது? பலர் சொல்வது இதுதான்: "என் கையை அந்த மாதிரி திருப்பி வெச்சுப் பார்த்தேன்." ஆனால் கை மடியிலேயேதான் இருந்தது. அப்படின்னா திரும்பியது எது?

இந்தக் கேள்விதான் இன்றைய பாடம். கேட்கும்போது விளையாட்டு மாதிரி தெரியும். ஆனால் வருஷக்கணக்கில் கைவலியோடு இருப்பவர்களின் சிகிச்சை வரைக்கும் இது போகிறது. படிப்படியாகப் போவோம்.

1. முதலில் கட்டைகள்

1971. ரோஜர் ஷெப்பர்ட், ஜாக்குலின் மெட்ஸ்லர் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 'சயின்ஸ்' இதழில் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார்கள். சதுரக் கட்டைகளை ஒட்டி வைத்தது போன்ற முப்பரிமாண உருவங்களை ஜோடி ஜோடியாக 8 பேருக்குக் காட்டினார்கள். கேள்வி ஒன்றுதான்: இரண்டும் ஒரே உருவமா, அல்லது ஒன்று மற்றதன் கண்ணாடி பிம்பமா?

இரண்டு உருவங்களுக்கும் இடையே கோண வித்தியாசம் எவ்வளவு அதிகமோ, பதில் வர அவ்வளவு நேரம் ஆனது. கிராஃப் போட்டால் கிட்டத்தட்ட நேர்கோடு. சாய்வைக் கணக்குப் போட்டால் நொடிக்கு சுமார் 60 டிகிரி வருகிறது. கேட் சாஃப்ட்வேரில் ஒரு மாடலை மவுஸால் சுற்றிப் பார்ப்பது மாதிரி, மனசும் அந்த உருவத்தை ஒவ்வொரு கோணமாகக் கடந்து சுற்றுகிறது என்று எடுத்துக்கொண்டார்கள். இதற்கு 'மனச் சுழற்சி' என்று பெயர்.

இங்கே ஒரு விஷயத்தை மனசில் வெச்சுக்கோங்க. ஒரு கட்டையை இடது பக்கம் 60 டிகிரி சுற்றினாலும் வலது பக்கம் 60 டிகிரி சுற்றினாலும் வேலை ஒன்றுதான். கட்டைக்கு மூட்டு கிடையாது, நரம்பு கிடையாது. எந்தப் பக்கமும் அது தாராளமாகச் சுற்றும்.

2. கைக்கு மட்டும் தனிச் சட்டம்

1975இல் லின் கூப்பரும் ஷெப்பர்டும் கட்டைகளுக்குப் பதிலாகக் கைப் படங்களை வைத்து சோதனை செய்தார்கள். அதற்குப் பிறகு 1987இல் லாரன்ஸ் பார்சன்ஸ் என்பவர் கை, கால் படங்களைப் பல கோணங்களில், பல நிலைகளில் காட்டி, விரிவாக அளந்தார். கோணம் கூடினால் நேரம் கூடுகிறது என்பது இங்கேயும் பொதுவாகச் சரியாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு இடத்தில் கட்டைக்கும் கைக்கும் ஒத்துப்போகவில்லை.

அது எந்த இடம் என்று உங்கள் கையிலேயே பார்த்துடலாம். இப்போ கையை அசைக்கலாம்.

வலது கையை மேஜையில் குப்புற வையுங்க. விரல்கள் முன்னால் நேராக இருக்கட்டும். இப்போது விரல்கள் இடது பக்கம், அதாவது உங்கள் நெஞ்சுக்குக் குறுக்காகப் போகும்படி கையைத் திருப்புங்க. 90 டிகிரி சுலபமாகப் போகும். மறுபடி நேராக வையுங்க. அடுத்து விரல்கள் வலது பக்கம், உடம்பை விட்டு வெளியே பார்க்கும்படி திருப்புங்க. கொஞ்ச தூரத்திலேயே மணிக்கட்டு முரண்டு பிடிக்கும். அதற்கு மேல் போகணும்னா முழங்கையை உடம்போடு ஒட்டி, தோளையும் சேர்த்துத் திருகணும்.

கோணம் இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் உடம்புக்கு ஒன்று சுலபம், இன்னொன்று கஷ்டம்.

படத்தைப் பார்த்துப் பதில் சொல்லும்போதும் இதே வித்தியாசம் வருகிறது. விரல்கள் உடம்பின் நடுக்கோட்டை நோக்கித் திரும்பிய படத்துக்கு பதில் சீக்கிரம் வருகிறது. வெளியே பார்க்கும் படத்துக்குத் தாமதமாகிறது. படம் என்னவோ வெறும் தாள்தான், அதை எந்தப் பக்கமும் திருப்பலாம். கண்ணால் மட்டும் படத்தைச் சுற்றியிருந்தால் இந்த வித்தியாசம் வரவே கூடாது. மூட்டுகளின் எல்லை மனசின் கணக்கில் எப்படி வந்து உட்கார்ந்தது?

பார்சன்ஸ் சொன்ன விளக்கம் இது: நாம் படத்தில் இருக்கும் கையைச் சுற்றுவதில்லை. நம்முடைய கையை, அது இப்போது இருக்கும் இடத்திலிருந்து கிளப்பி, படத்தில் உள்ள நிலைக்குக் கொண்டுபோவதாக மனசுக்குள் ஓட்டிப் பார்க்கிறோம். அந்தப் பயணம் நிஜக் கை போகக்கூடிய வழியிலேயே போகிறது. 1994இல் அவர் இன்னொரு ஒப்பீடும் செய்தார். படத்தைப் பார்த்துத் தீர்மானிக்க ஆகும் நேரம், அந்த நிலைக்குக் கையைக் கொண்டுபோவதாகக் கற்பனை செய்ய ஆகும் நேரம், நிஜமாகவே கொண்டுபோக ஆகும் நேரம் ஆகிய மூன்றும் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போயின.

"கற்பனை செய்யுங்க" என்று யாரும் இவர்களிடம் சொல்லவில்லை என்பதையும் கவனிங்க. கேட்டது இடதா வலதா என்று மட்டும்தான். மனசு தானாகவே சிமுலேஷனை ஓட்டிவிட்டது. அதனால் இதை மறைமுக இயக்கக் கற்பனை என்கிறார்கள். கண்ணை மூடி "இப்போ பந்து போடுறேன்" என்று ஒரு பௌலர் வேண்டுமென்றே நினைத்துப் பார்ப்பது வெளிப்படையான இயக்கக் கற்பனை.

3. ஒரு லாஜிக் சிக்கல்

இங்கே ஒரு கேள்வி எழணும். எழலைன்னா மறுபடி ஒரு தடவை படிங்க.

படத்தில் இருப்பது இடதா வலதா என்று தெரியாமல்தானே ஆரம்பித்தோம்? அப்படியிருக்க, எந்தக் கையை மனசுக்குள் நகர்த்தணும்னு மனசுக்கு எப்படித் தெரிந்தது? விடை தெரிந்தால்தானே சிமுலேஷனையே ஆரம்பிக்க முடியும்?

இதற்கும் பார்சன்ஸ் ஒரு பதில் வைத்திருந்தார். முதலில் கண் வேகமாக ஒரு ஊகம் செய்கிறது: "பார்த்தால் வலது மாதிரி இருக்கு." பிறகு வலது கையை மனசுக்குள் அனுப்பிப் பார்க்கிறோம். பொருந்தினால் ஊகம் உறுதியாகிறது. அதாவது சிமுலேஷன் விடையைக் கண்டுபிடிக்கவில்லை, சரிபார்க்கிறது. கணக்குப் பரீட்சையில் விடையை ஊகித்து சமன்பாட்டில் போட்டுப் பார்ப்போமே, அந்த மாதிரி. நேரம் அதிகமாகச் செலவாவது இந்த இரண்டாவது படியில்தான்.

பரீட்சை ஹாலில் ஃப்ளெமிங் இடக்கை விதி கேள்வி வந்தால் பாதிப் பேர் கையை அந்தரத்தில் திருகிக்கொண்டு இருப்பதைப் பார்த்திருப்பீங்க. அது இதே வேலையை வெளிப்படையாகச் செய்வது. திசைகளை நினைவில் சுற்றுவதைவிட, மூட்டுகள் உள்ள ஒரு கருவியைத் திருப்பிப் பார்ப்பது மனசுக்கு வசதி. அதனால் வெட்கப்படாமல் திருகுங்க.

4. உள்ளே எது வேலை செய்கிறது?

1995இல் பார்சன்ஸும் அவருடன் சேர்ந்தவர்களும், இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது மூளையில் எங்கே இரத்த ஓட்டம் கூடுகிறது என்று பெட் ஸ்கேன் மூலம் பார்த்து 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். பார்வைக்கான பகுதிகள் மட்டும் வேலை செய்யவில்லை. அசைவைத் திட்டமிடும் முன்பக்கப் பகுதிகள், உடம்பு எங்கே எப்படி இருக்கிறது என்று கணக்கு வைக்கும் பக்கவாட்டு மடல் பகுதிகள், சிறுமூளை ஆகியவையும் சேர்ந்து வேலை செய்தன. கை அசையவே இல்லை, ஆனால் அசைப்பதற்கான ஆபீஸ் முழுக்க திறந்திருந்தது!

கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் படித்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். கையை நகர்த்த மூளை ஒரு கட்டளை அனுப்பும்போது, அதன் நகல் ஒன்று உள்ளேயே இருக்கும் ஒரு மாடலுக்கும் போகிறது. "இந்தக் கட்டளை போனால் கை எங்கே போய் நிற்கும், எப்படி உணரும்" என்று அந்த மாடல் முன்கூட்டியே சொல்கிறது. கண்ணிலிருந்தும் தோலிலிருந்தும் தகவல் வந்து சேரத் தாமதமாகும் என்பதால், இப்படி ஒரு மாடல் இல்லாமல் வேகமான அசைவு எதையும் சரியாகச் செய்ய முடியாது. கற்பனை என்பது, தசைக்குப் போகும் வழியை அடைத்துவிட்டு இந்த மாடலை மட்டும் ஓடவிடுவது என்பதுதான் பல ஆய்வாளர்கள் ஏற்கும் விளக்கம்.

சிமுலேஷனுக்கு ஆரம்ப நிலை வேண்டும் இல்லையா? அது உங்கள் கை இப்போது நிஜமாக எப்படி இருக்கிறதோ அந்த நிலைதான். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு இதே சோதனையைச் செய்தால் பதில் சொல்லும் நேரம் மாறுகிறது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கண்ணுக்கு முன்னால் படம் அதேதான். மாறியது முதுகுக்குப் பின்னால் இருக்கும் கை மட்டும்.

5. ஹாஸ்டலில் செஞ்சு பார்க்கலாம்

தேவையானவை: ஒரு போன், ஒரு லேப்டாப், பொறுமையான நான்கைந்து நண்பர்கள்.

கையைத் தாளில் வைத்து அவுட்லைன் வரையாதீங்க. வெறும் அவுட்லைனில் வலது புறங்கையும் இடது உள்ளங்கையும் ஒரே மாதிரிதான் இருக்கும், கேள்விக்கே விடை கிடையாது. அதனால் போட்டோ எடுங்க. வலது புறங்கை ஒன்று, வலது உள்ளங்கை ஒன்று. இரண்டையும் எடிட்டரில் இடவலமாகப் புரட்டினால் இடது கைப் படங்கள் கிடைத்துவிடும். வெளிச்சம், அளவு எல்லாம் அப்படியே இருக்கும்.

இந்த நான்கு படங்களையும் 0, 60, 120, 180, 240, 300 டிகிரியில் சுற்றினால் 24 படங்கள். ஒவ்வொன்றும் இரண்டு தடவை வரட்டும், 48 கேள்விகள். வரிசையைக் கலைச்சுப் போடுங்க.

"உள்பக்கம் திரும்பிய படங்களை ஒரு கட்டாகவும் வெளிப்பக்கம் திரும்பியவற்றை ஒரு கட்டாகவும் வைத்து ஸ்டாப் வாட்சில் அளந்தால் போதாதா?" என்று கேட்கலாம். போதாது. உள்பக்கக் கட்டில் விரல் இடது பக்கம் சாய்ந்திருந்தால் அது எப்போதும் வலது கைதான். நாலு படம் பார்த்ததும் உங்க ஃபிரண்ட் இந்த சூட்சுமத்தைப் பிடிச்சுடுவார், அப்புறம் கையைப் பற்றி யோசிக்கவே மாட்டார். எல்லாம் கலந்துதான் வரணும், ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியாக நேரம் எடுக்கணும். பைதானில் முப்பது நாற்பது வரியில் முடியும் வேலை இது.

பதிலை வாயால் சொல்லச் சொல்லுங்க. கேட்டவுடன் நீங்க பட்டனை அழுத்துங்க. உங்கள் தாமதம் எல்லா படத்துக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே சேரும், அதனால் வித்தியாசம் பார்க்கும்போது பெருமளவு கழிந்துபோகும். தப்பான பதில்களை நீக்கிவிட்டு சராசரிக்குப் பதிலாக இடைநிலை எண்ணை எடுங்க. நடுவில் யாராவது இருமினாலும் அது கணக்கைக் கெடுக்காது.

பிறகு இரண்டு ஒப்பீடுகள்:

ஒன்று, உள்பக்கம் திரும்பிய படங்களின் நேரமும் வெளிப்பக்கம் திரும்பியவற்றின் நேரமும். உள்ளங்கைப் படங்களைத் தனியாகவும் போட்டுப் பாருங்க, அங்கே வித்தியாசம் பளிச்சென்று தெரிய வாய்ப்பு அதிகம்.

இரண்டு, 'க' என்ற எழுத்தை நேராகவும் கண்ணாடி பிம்பமாகவும் வைத்து இதே கோணங்களில் சுற்றி, "சரியான எழுத்தா, பிம்பமா?" என்று கேளுங்க. எழுத்துக்கு மணிக்கட்டு கிடையாதே! கோணம் கூடினால் நேரம் கூடும், ஆனால் இடது வலது திசை வித்தியாசம் வரக் கூடாது. கையில் வந்து எழுத்தில் வரவில்லை என்றால் உங்கள் சோதனை வேலை செய்திருக்கு.

சில பேரிடம் கையிலும் அந்த வித்தியாசம் வராது. அவங்களைக் கூப்பிட்டுக் கேளுங்க. "புறங்கை தெரிந்து, விரல் மேலே இருந்து, கட்டைவிரல் இடது பக்கம்னா வலது கை" என்று ஃபார்முலா போட்டிருப்பாங்க. அதுவும் ஒரு வழிதான். மனசு எல்லாருக்கும் எப்போதும் ஒரே அல்காரிதத்தை ஓட்டுவதில்லை.

6. வலிக்கிற கை

இனி விளையாட்டு இல்லை.

எலும்பு முறிவோ அடியோ ஆறிய பிறகும் சிலருக்குக் கையில் வலி போவதில்லை. வீக்கம், நிறமாற்றம், எரிச்சல், தொட்டாலே வலி என்று மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் நீடிக்கும் ஒரு நிலை உண்டு. மருத்துவத்தில் சி.ஆர்.பி.எஸ். என்பார்கள். எக்ஸ்ரேயில் எலும்பு ஒட்டியிருக்கும். வீட்டில் இருப்பவர்களுக்குக்கூட "நிஜமாகவே வலிக்கிறதா?" என்ற சந்தேகம் வரும்.

2001இல் ஜான் ஷ்வோபெலும் குழுவினரும் ஒரு கையில் மட்டும் நாள்பட்ட வலி உள்ளவர்களிடம் கைப் படங்களைக் காட்டினார்கள். வலிக்கும் பக்கத்துக் கையின் படமாக இருந்து, அந்த நிலைக்குப் போகப் பெரிய அசைவு தேவைப்பட்டால் பதில் தாமதமானது. நல்ல கைக்கு அப்படி இல்லை. யோசிச்சுப் பாருங்க: அவர்கள் கையை அசைக்கவில்லை. படத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னார்கள், அவ்வளவுதான். மனசுக்குள் நகரும் கைகூட நொண்டிக்கொண்டுதான் நகர்ந்தது. வலி இல்லை என்று சொல்பவருக்கு இதைவிட என்ன பதில் வேண்டும்?

ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த லோரிமர் மோஸ்லி இதிலிருந்து ஒரு சிகிச்சை முறையை அமைத்து 2004இல் சோதித்தார். கையை அசைத்தால் வலிக்கும், சிலருக்கு அசைப்பதாக நினைத்தாலே வலியும் வீக்கமும் கூடும். அப்படியானால் அதற்கும் கீழே உள்ள படியிலிருந்து ஆரம்பிக்கலாமே? முதல் இரண்டு வாரம் படங்களைப் பார்த்து இடதா வலதா சொல்லும் பயிற்சி மட்டும். அடுத்த இரண்டு வாரம் கையை அந்த நிலைகளுக்குக் கொண்டுபோவதாக நினைக்கும் பயிற்சி. கடைசி இரண்டு வாரம் கண்ணாடிப் பெட்டி: நல்ல கையைக் கண்ணாடிக்கு முன்னால் அசைக்க, வலிக்கும் கை அசைவது போலத் தெரியும். 13 பேர் கலந்துகொண்ட அந்தச் சின்ன ஆய்வில் வலி குறைந்தது.

அந்தக் கண்ணாடிப் பெட்டி 1990களின் நடுவில் வி.எஸ். ராமச்சந்திரன் கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். படித்தவர். வெட்டி எடுக்கப்பட்ட கை இன்னும் இருப்பது போலவும் வலிப்பது போலவும் உணர்பவர்களுக்காக அதைப் பயன்படுத்தினார். ஒரு கண்ணாடி, ஒரு அட்டைப்பெட்டி: செலவு குறைந்த ஹார்டுவேர்னா இதுதான்!

ஒரு எச்சரிக்கையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்த முறை எல்லாருக்கும் பலித்துவிடவில்லை. 2012இல் பிரிட்டனின் இரண்டு மையங்களில் வழக்கமான மருத்துவச் சூழலில் பயன்படுத்தியபோது எதிர்பார்த்த வலிக்குறைவு கிடைக்கவில்லை. உங்களுக்குத் தெரிந்தவருக்கு இப்படி வலி இருந்தால், போனில் படம் காட்டி நீங்களே வைத்தியம் பார்க்காதீங்க. டாக்டர், பிசியோதெரபிஸ்ட் மூலமாகத்தான் போகணும்.

7. கையே இல்லாதவர் என்ன செய்வார்?

இதுவரை சொன்ன கதை ரொம்ப அழகாகப் பொருந்துகிறது இல்லையா? அழகாகப் பொருந்தும் கதையைத்தான் ஒரு தடவை தட்டிப் பார்க்கணும்.

விபத்திலோ அறுவை சிகிச்சையிலோ கையை இழந்தவர்களிடம் 2004இல் ஒரு ஆய்வு நடந்தது. அவர்களால் இடது, வலது சொல்ல முடிந்தது. ஆனால் மற்றவர்களைவிட அதிக நேரம், அதிகத் தவறுகள். இதுவரை கதைக்குச் சாதகம்.

2012இல் ஜில் வான்னுஸ்கோர்ப்ஸும் உடன் பணியாற்றியவர்களும், பிறவியிலேயே இரண்டு கைகளும் வளராத ஒருவரிடம் இதே சோதனையைச் செய்தார்கள். தன் கையை ஒருபோதும் திருப்பிப் பார்த்திராதவர் அவர். அவரிடமும் அதே வித்தியாசம் வந்தது! உடம்புக்குச் சுலபமான நிலைகளுக்குச் சீக்கிரம், கஷ்டமான நிலைகளுக்குத் தாமதம்.

அப்படியானால், இந்த வித்தியாசம் வருவதற்குச் சொந்தக் கையை மனசில் ஓட்டுவது கட்டாயம் இல்லை. உள்பக்கம் திரும்பிய கைகளைத்தான் நாம் தினமும் அதிகமாகப் பார்க்கிறோம். எழுதும்போது, சாப்பிடும்போது, போன் பிடிக்கும்போது எதிரில் இருப்பவரின் கை எல்லாம் அப்படித்தான் இருக்கும். கண்ணுக்குப் பழகியதால் சீக்கிரம் அடையாளம் தெரிகிறது என்றும் விளக்கலாம்.

அதனால் முழுக் கதையும் பொய்யாகிவிடவில்லை. கைகளைப் பின்னால் கட்டினால் நேரம் மாறுவதையும், ஒரு பக்க வலி அந்தப் பக்கத்துப் படத்தை மட்டும் தாமதப்படுத்துவதையும் வெறும் கண் பழக்கத்தால் விளக்குவது கஷ்டம். உடம்பின் வழியாகவும் கண்ணின் வழியாகவும் மனசு விடைக்குப் போகலாம் என்பதும், யார் எப்போது எந்த வழியில் போகிறார்கள் என்பதை நேரத்தை மட்டும் பார்த்து அடித்துச் சொல்ல முடியாது என்பதும் இதிலிருந்து கிடைக்கும் பாடம். உங்க ஹாஸ்டல் டேட்டாவுக்கும் இது பொருந்தும்.

சுருக்கமாக

கட்டையை மனசு எந்தப் பக்கமும் ஒரே மாதிரி சுற்றும். கையைப் பெரும்பாலும் மூட்டு அனுமதிக்கும் வழியில்தான் சுற்றும். முதலில் ஊகம், பிறகு சிமுலேஷனால் சரிபார்ப்பு. சிமுலேஷன் உங்கள் கை இப்போது இருக்கும் நிலையிலிருந்து கிளம்புகிறது, வலியிருந்தால் தயங்குகிறது. ஆனால் இந்த ஒரு வழிதான் உண்டு என்று நினைச்சுடாதீங்க.

ஃபைனல் இயர் புராஜெக்டுக்குத் தலைப்பு தேடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. செயற்கைக் கை, வி.ஆர். பிசியோதெரபி, அறுவை சிகிச்சை ரோபோவின் கைப்பிடி இவை எல்லாவற்றிலும், திரையில் தெரியும் கையைத் தன் கையாக எடுத்துக்கொள்ளும் ஒரு மனசு எதிரில் உட்கார்ந்திருக்கிறது. மனிதக் கை போக முடியாத கோணத்தில் திரையில் ஒரு கையைக் காட்டும் முன், அதைப் பார்ப்பவருக்குள்ளே ஒரு மணிக்கட்டு திருகிக்கொள்ளக்கூடும் என்பதையும் டிசைனில் சேர்த்துக்கோங்க.

சோதனையைச் செய்து பார்த்தவர்கள், 'க' எழுத்தின் கிராஃபையும் கையின் கிராஃபையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இதழுக்கு அனுப்புங்க. வித்தியாசம் வராதவங்க கண்டிப்பா அனுப்புங்க. அதில்தான் பேச நிறைய இருக்கு.